பச்சைக்குள் ஒரு பச்சை

மழை பொய்த்த ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்பவர்கள் ஒரு விந்தையைக் காண்பார்கள். நீர் மட்டம் இறங்க இறங்க, பழைய தெல்தெனிய மெல்லத் தலைகாட்டும். 1980களில் மகாவலியை மறித்து அணை எழுந்தபோது மூழ்கிப்போன ஊரின் எச்சங்கள், சேறு பூசிய உடலோடு வெளிச்சத்துக்கு வரும். மழை திரும்பியதும் அத்தனையும் மீண்டும் நீருக்குள் போய்விடும்.

நம் மனத்தின் அடியிலும் இப்படி மூழ்கிக் கிடக்கும் ஊர் ஒன்று உண்டு. தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் நெளிந்த கொடி ஒன்று கிடந்தால், அது கொடியா பாம்பா என்று அறிவு ஆராயும் முன்பே கால் நின்றுவிடுகிறது. நம்மைக் கேளாமலே நம்மைக் காக்கும் அந்தக் கணப்பொழுதை நாம் ஒருநாளும் வியந்து பார்த்ததில்லை. குரங்கினத்தின் கண்கள் இத்தனை கூர்மை பெற்றதற்கே பாம்புதான் காரணமாக இருக்கலாம் என்று லின் இஸ்பெல் என்ற மானிடவியலாளர் 2006இல் எழுதினார். 2017இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்கு மீன் படங்களையும் பாம்புப் படங்களையும் காட்டினார்கள். பாம்பைப் பார்த்தபோது அந்தச் சின்னக் கண்மணிகள் கூடுதலாக விரிந்தன. பாம்பு என்ற சொல்லையே கேட்டறியாத சிசுவின் கண்ணில் அப்படியொரு விழிப்பு! அந்த விழிப்பு, படைப்பு நம் கையில் கொடுத்தனுப்பிய சீதனம்.

ஆனால் விழிப்பு வேறு, வெறுப்பு வேறு. சூசன் மினேக்கா என்ற உளவியலாளர் 1980களில் குரங்குகளிடம் கண்டது இதைத்தான் சொல்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்துப் பதறுவதைக் கண்ட பிறகோ, அவையும் சீக்கிரமே அஞ்சக் கற்றுக்கொண்டன. ஒரு பூவைக் கண்டு பதறுவதுபோலக் காட்டியபோது பூவுக்கு அவை அஞ்சவில்லை. இன்னொன்றும் கண்டார்கள். பாம்பின் அருகே பதற்றமில்லாமல் இருக்கும் குரங்கை முதலில் பார்த்துவிட்டவற்றைப் பின்னர் எந்தப் பதற்றமும் எளிதில் தொற்றவில்லை. அச்சம் தொற்றும், அமைதியும் தொற்றும். முந்திக்கொள்வது எதுவோ அதுவே வேரூன்றுகிறது.

இனி, நாம் அஞ்சும் அந்த உயிரின் பக்கம் சற்றுத் திரும்புவோம். நக்கிள்ஸ் மலையடிவாரக் காடுகளிலும் ஏலத்தோட்டங்களிலும் தேயிலைச் செடிகளிலும் பச்சை விரியன் வாழ்கிறது. இலங்கையைத் தவிர உலகின் எந்த மூலையிலும் இயற்கையில் வாழாத பாம்பு. இலையின் பச்சையும் நிழலின் கருமையும் கலந்த உடம்போடு, பகலெல்லாம் கிளையோடு கிளையாகக் கிடக்கும். மூடி விழிக்க அதற்கு இமை இல்லை. கண்ணாடித் துண்டுபோல் ஒரு செதில் கண்ணைக் காக்கிறது. வெளிக்காது இல்லை, நிலத்தின் அதிர்வைத் தாடை எலும்பு வாங்கி உட்செவிக்குச் சேர்க்கிறது. பிளந்த நாக்கு காற்றிலிருந்து மணத்துகள்களைப் பொறுக்கி எடுத்து மேல்வாயிலுள்ள ஓர் உறுப்பிடம் ஒப்படைக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே ஒரு சிறு குழி. காரிருளில் ஓர் எலியின் உடற்சூட்டை அந்தக் குழி உணர்ந்துவிடும். நம் முதுகெலும்பில் 33 என்புகள். பாம்புகளுக்கோ 200, 300, சிலவற்றுக்கு அதற்கும் மேல். கையும் காலும் கொடுக்காமல், ஒற்றைக் கோட்டுக்குள் இவ்வளவு நுட்பத்தையும் அடக்கிவைத்த அந்தப் பேரறிவை என்னவென்று போற்றுவது!

அந்த நுட்பம் எதிலும் நம்மீது பகை இல்லை. சிங்கள அயலவர்கள் ‘தெபத் நயா’ என்று சொல்லும் இருதலைப் பாம்பைப் பாருங்கள். அதுவும் இந்தத் தீவுக்கே உரியது, விஷமற்றது. ஆபத்து வந்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்து, வாலைத் தட்டையாக்கி உயர்த்தி, நாகம் படமெடுப்பதுபோல் காட்டும். நடுங்கும் ஓர் உயிரின் கடைசி வேண்டுதல் அது. நாம் அதை மிரட்டல் என்று படித்துவிட்டுத் தடியை எடுக்கிறோம். அந்த நொடியில் இருவரும் ஒருவரை ஒருவர் கண்டு அஞ்சியே நிற்கிறோம்.

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று யார் சொல்ல முடியும்? 2012–13இல் இலங்கை முழுவதும் நடந்த கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டியது. சுமார் 30,000 பேருக்கு விஷம் ஏறியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயலில் இறங்கியவர்கள், விறகு பொறுக்கியவர்கள், தோட்டத்துக் கான் ஓரம் வெறுங்காலோடு நடந்தவர்கள் என்று அவர்களை நாம் அறிவோம். பாம்பை நேசி என்று அவர்கள் வீட்டு வாசலில் நின்று உபதேசம் செய்வது நியாயமாகாது. முதலில் அவர்களின் கால் காக்கப்பட வேண்டும். இரவில் டோர்ச் லைட், காலுக்குச் சப்பாத்து, கை நுழைக்குமுன் செடியைத் தட்டும் ஒரு கோல், படுக்கையில் நுளம்புவலை. தீண்டிவிட்டால் வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், பாம்பைத் தேடி அலையாமல், தீண்டிய அங்கத்தை அசைக்காமல் வைத்தியசாலைக்கு விரைவது. உயிர் காக்கப்படும் என்ற நம்பிக்கை வேரூன்றும் இடத்தில்தான் தடி தானாகத் தாழும்.

அறிவும் தடியைத் தாழ்த்தும். கம்பளையைச் சேர்ந்த ஊர்வன ஆய்வாளர் அன்ஸ்லம் டி சில்வா 1990இல் இலங்கைப் பாம்புகளுக்கு வண்ணக் கையேடு ஒன்றை வெளியிட்டார். பெயர் தெரிந்த ஓர் உயிரை அடிக்கக் கை தயங்கும். தலைமுறை தலைமுறையாக நாம் நயினாதீவில் நாகபூசணியை வணங்குகிறோம். புளியம்பொக்கணையில் நாகதம்பிரானுக்குப் பொங்குகிறோம். புத்தருக்கு நாகம் குடைபிடித்த கதையை அயலவர்கள் கல்லில் செதுக்கினார்கள். கல்லுக்குக் கைகூப்பிய அதே கை, புல்லில் ஊர்வதை அடிக்கிறது. நெற்போரைக் கரைக்கும் எலியைத் தின்று நம் சோற்றைக் காப்பதும் அதே பாம்புதான். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம் காட்டிய வழியில் பிறந்த கப்டோப்ரில், 1981 முதல் இரத்த அழுத்தத்தைத் தணித்துவருகிறது. கொல்லும் துளிக்குள் காக்கும் குறிப்பையும் எழுதிவைத்திருக்கிறது இயற்கை.

கொழுந்துக் கூடையோடு ஒரு பாட்டி, பேத்தியைக் கையில் பிடித்து லயத்துக்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாதையின் குறுக்கே ஏதோ நெளிகிறது. பாட்டி கூச்சலிட்டால் அந்தக் கூச்சல் இன்னும் எழுபது ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்குள் வாழும். அவளோ பேத்தியின் தோளில் கை வைத்து, “ஆடாம நில்லு கண்ணு, அது பாட்டுக்குப் போகட்டும்” என்கிறாள். இருவரும் தள்ளி நிற்கிறார்கள். பச்சைக்குள் ஒரு பச்சை நழுவி மறைகிறது. பிள்ளையின் கண்மணிகள் அகல விரிந்திருக்கின்றன, ஆறு மாதத்தில் விரிந்ததுபோலவே. தோளிலிருந்த கை நடுங்கவில்லை என்பதும் அவளுக்குள் பதிந்திருக்கிறது.