பழைய கேரவன் வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையை மிதித்துப் பாருங்கள்!

பெங்களூர்: கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்களுக்குத்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வேனில் ஊர் சுற்றும் ஆசை நம்மவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கட்டினால் பல லட்சம் ஆகும். ஆகவே பழைய வண்டியைத் தேடுகிறார்கள். அப்படித் தேடிய ஒருவரோடு நானும் போய் வந்தேன்.

அவர் எங்கள் பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். எனக்கு அண்ணன் மாதிரி. அண்ணிக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. முழங்கால் வலியும் உண்டு. பஸ்ஸில் ஏறினால் அரை மணிக்கு ஒரு தடவை இறங்கியாக வேண்டும். வழியில் பெண்களுக்குச் சுத்தமான இடம் எங்கே இருக்கிறது? ரயிலில் கழிவறை உண்டு. ஸ்டேஷனுக்கு அப்பால்? இதனாலேயே உடன்பிறந்த தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட அண்ணி போகவில்லை. செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்ததும் அண்ணன் முதலில் நினைத்தது இப்படி ஒரு வண்டியைத்தான். இது ஆடம்பரத்துக்கு அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஓசூரில் ஒரு வண்டி விலைக்கு இருப்பதாகத் தெரிந்தது. டெம்போ டிராவலர், 2012-ல் பதிவானது. ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிய வேன். பிறகு யாரோ உள்ளே பலகை அடித்து வீடாக்கியிருக்கிறார்கள். விலை ஆறரை லட்சம். போனில் வந்த போட்டோவைப் பார்த்தே பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார் அண்ணன். அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னார்!

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு காலை அத்திப்பள்ளி வழியாக நால்வர் காரில் போனோம். நான்காவது ஆள், ரயில் பெட்டிப் பராமரிப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

உள்ளே ஏறியதும் அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார். கழிவறைக் கதவைத் திறந்து மூடினார். "இங்க ஒரு சாமி படம் மாட்டலாம்" என்றார். அண்ணன் இன்ஜினைப் போடச் சொன்னார். சாவியைத் திருகியதும் கிளம்பியது, புகையும் இல்லை. அவருக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது.

பெரியவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கழிவறை ஓரத்துத் தரையை வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார். "ரயில் பெட்டி எங்க மொதல்ல கெடும் தெரியுமா தம்பி? கக்கூசுக்கு அடியிலதான்" என்றார். உண்மைதான். பழைய ஐ.சி.எப். பெட்டிகளில் துரு அதிகம் தின்பது கழிவறைக்குக் கீழேயும் வாசல் ஓரத்திலும் உள்ள தகட்டையும் அடிச்சட்டத்தையும்தான். பணிமனைக்கு வரும்போது அந்த இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது எங்கள் ரயில்வேயில் வழக்கமான வேலை.

இந்த வண்டியிலும் அந்த இடம் காலுக்கடியில் அமுங்கியது. பிறகு ஜன்னலுக்குக் கீழே, பளபளவென்று புது ஒட்டுத்தாள் ஒட்டியிருந்த ஓர் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து மெதுவாக அழுத்தினார். நனைந்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கியது. கூரையை வெட்டிக் காற்றுப்போக்கி வைத்தவர்கள் ஓரத்தைச் சரியாக அடைக்கவில்லை. அங்கிருந்து சுவருக்குள் எத்தனை மழைக்காலம் தண்ணீர் இறங்கியதோ!

இன்ஜின் கெட்டால் ஜே.சி. ரோட்டில் சாமான் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். தண்ணீர் தின்ற வண்டி அப்படியல்ல. அலமாரி, கட்டில், பலகை எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் செலவு எவ்வளவு என்றே தெரியும். ஆகவே மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். விற்பவர் ஜன்னலைத் திறந்து வைக்கும் முன் உள்ளே ஏறி மோந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதுச் சாயம், புது ஒட்டுத்தாள் இருந்தால் அங்கே கையை வையுங்கள்.

டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த எண் 3216. அதாவது 2016-ம் வருடம் 32-வது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் வெடித்துவிடும். இன்னொன்று, கட்டிலை ஒட்டிய அலமாரிக்குள் 14.2 கிலோ சமையல் வாயு சிலிண்டர். கசிந்தால் இந்த வாயு காற்றைவிடக் கனமாகையால் தரையில்தான் தங்கும். அது வெளியேற அலமாரியின் அடியில் துவாரம் வேண்டும். இதில் இல்லை. பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆர்.சி.யில் பஸ், உள்ளே வீடு

ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தோம். அதில் இன்னும் பஸ் என்றே இருந்தது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் சட்டப்படி தனி வகை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கூறியிருக்கிறது. மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் ஏற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு.

பெங்களூர்வாசிகளுக்கு இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு அங்கிருந்து 28-ம் எண் படிவத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். ஓசூரில் விலை குறைவு என்று ஓடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வண்டியின் வகை, இன்சூரன்ஸ், கடன் பாக்கி எல்லாம் பதிவெண்ணைக் கொண்டு பரிவாகன் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அண்ணன் அதை அட்வான்சுக்கு முன் செய்திருக்கலாம்.

விற்பவர் ஒரு லட்சம் குறைப்பதாகச் சொன்னார். அண்ணன் கொஞ்சம் தடுமாறினார். அண்ணிதான் முதலில் இறங்கினார். "வேண்டாங்க, போலாம்" என்றார்.

அட்வான்சில் ஐயாயிரம்தான் திரும்பி வந்தது. மீதியைக் கேட்டு அண்ணன் இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் அண்ணி பெரியவரிடம் கேட்டார்: "கட்டிலும் அடுப்பும் எனக்கு வேண்டாம்ணா. நல்ல வேன் ஒண்ணு வாங்கினா, கக்கூஸ் மட்டும் ஒழுங்கா வச்சு, அதை ஆர்.சி.யிலயும் ஏத்த முடியுமா?"

பெரியவர் அதற்காக இரண்டு பாடி கட்டும் பட்டறைகளிலும் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.