கேசினோ வேலைக்கு டூரிஸ்ட் விசாவா?

நாமக்கல் மாவட்டம் பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு வாங்க வருபவர்கள் சும்மா வாங்குவதில்லை. கை நிறைய அள்ளி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, பப்பாளி விதை கலக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் விலையே பேசுவார்கள். அதே வீட்டிலிருந்துதான் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பி.டி.எப்.ஐ நம்பி லட்சக்கணக்கில் பணம் போகிறது, ரசீதுகூட இல்லாமல். "கம்போடியாவுல கேசினோ வேலைங்க, சாப்பாடு ரூம் எல்லாம் ஃப்ரீங்க. ஏஜென்ட் நம்ம பையன்தானுங்க, ஏமாத்த மாட்டானுங்க." எத்தனை முறை கேட்டாயிற்று!

கேசினோ வேலை என்பதே பொய் இல்லை. கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களிலேயே நம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். சிஹானுக்வில் கதை வேறு. கம்போடியாவின் அந்தக் கடற்கரை நகரம் கேசினோக்களால் வளர்ந்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2019-இல் அந்நாட்டு அரசு தடை அறிவித்தபின், காலியான கட்டடங்கள் பலவற்றில் இணைய மோசடிக் கும்பல்கள் குடியேறின. டீலர், ரிசப்ஷன், டான்ஸ் ஷோ, டேட்டா என்ட்ரி என்று கூப்பிடுவார்கள். போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போலிப் பெயரில் ஊரை ஏமாற்ற உட்காரவைப்பார்கள். மியான்மரின் மியாவடியிலும் இதேதான். அங்கிருந்து தப்பி, மீட்கப்பட்டு வந்த 549 இந்தியர்களை 2025 மார்ச்சில் தாய்லாந்து வழியாக விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது.

முதலில் விசாவைப் பாருங்கள். கம்போடியாவுக்கு டூரிஸ்ட் விசா 'டி' வகை. வேலைக்குப் போகிறவர் 'இ' வகையில் போக வேண்டும். "போனதும் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடியுங்கள். பத்தாவது தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை. அந்த முத்திரை கட்டாயமான 18 நாடுகளிலும் கம்போடியா கிடையாது. ஆக, பையனை நிறுத்தி "எங்கே, என்ன வேலை?" என்று கேட்க வாசலில் யாருமே இல்லை. படித்த பிள்ளைகள் சிக்குவது இந்த ஓட்டையில்தான்.

அடுத்தது ஏஜென்ட். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயரையும் பதிவு எண்ணையும் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்; ரசீதும் கொடுக்க வேண்டும். லட்சம் கேட்டால் அங்கேயே சட்டமீறல். சந்தேகம் இருந்தால் 1800 309 3793 என்ற அயலகத் தமிழர் நலத்துறையின் இலவச எண்ணில் கேளுங்கள். பணம் கட்டும் முன் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

ஏமாந்தாகிவிட்டதா? ஏஜென்டிடம் பஞ்சாயத்து பேசியே நாளை ஓட்டாதீர்கள். புகாரை இரண்டு பிரதி எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். பணம் போட்ட வங்கிக் கணக்கு எண், ஜிபே ஸ்கிரீன்ஷாட், பாஸ்போர்ட் நகல், விமான டிக்கெட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இணைப்பு. புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள், எப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகல் இலவசம். "இது எங்க லிமிட் இல்லை" என்ற பழைய பல்லவி இனிச் செல்லாது. பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் நாமக்கல் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்காதீர்கள். ஏஜென்ட் பற்றிய தனிப் புகார் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பையன் அங்கேயே மாட்டியிருந்தால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் பதியுங்கள். வெளிநாட்டிலிருந்து அவனே கூப்பிட அயலகத் தமிழர் நலத்துறையின் எண் +91 80 6900 9900. முதல் கேள்வியே பாஸ்போர்ட் எண்தான். போன வாரம் ஓர் அம்மாவிடம் அதைக் கேட்டேன். செல்போனைத் துழாவி, ஏர்போர்ட் கண்ணாடி முன்னால் மகன் பையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை எடுத்து நீட்டினார். "இதுதானுங்க இருக்குது."