தொண்ணூற்றாறு கட்சியும் தம்பிமாரும்

இலங்கை அணி ஆடும் நாளில் பதுளை மாவட்டத்துப் பசறை பஸ் நிலையப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள் தொண்ணூற்றாறு கட்சி. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கியதோடு கிரிக்கெட்டே முடிந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். அன்று அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட் எடுத்ததையும், ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் குவித்ததையும் சொல்லாமல் ஒரு பேச்சு முடியாது. மற்றக் கட்சி, போனில் ஸ்கோர் பார்க்கும் இளசுகள்.

"சனத் அடிச்சத நீ பாக்கல தம்பி."

"189 தானே அண்ணே? நிஸ்ஸங்க 210 அடிச்சிட்டாரே."

2024 பெப்ரவரி 9, பல்லேகலை, ஆப்கானிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். பத்தும் நிஸ்ஸங்கவின் அந்த 210, ஒருநாள் போட்டியில் இலங்கையர் ஒருவர் அடித்த முதல் இரட்டைச் சதம். 2000ஆம் ஆண்டு ஷார்ஜாவில் சனத் ஜயசூரிய எடுத்த 189 அதுவரை அசையாமல் நின்றது.

அடுத்து துனித் வெல்லாலகே பெயர் வரும். 2023 ஆசியக் கிண்ணத்தில், கொழும்பு கெத்தாராமையில், இந்தியாவின் ரோஹித், கில், கோலி, ராகுல், பாண்டியா என்று ஐவரையும் அனுப்பி வைத்தபோது அவருக்கு வயது 20. "மெட்ச் தோத்துச்சே!" என்று தொண்ணூற்றாறு கட்சி குத்திக் காட்டும். நியாயம்தான். ஆனால் மறுவருடம் ஓகஸ்டில், இந்தியாவிடமிருந்து ஒருநாள் தொடரொன்றை 27 ஆண்டுகளுக்குப் பின் பறித்த கடைசி ஆட்டத்தில், அதே பையன் 27 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அதற்குப் பெரியவர்களிடம் பதில் இல்லை.

முத்தையா முரளிதரனின் பேச்சு வந்தால் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. 800 டெஸ்ட் விக்கெட். தாத்தா 1920இல் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கடல் கடந்து வந்தவர். மலையகத்துக்கு அவர் நம்ம ஆள். ஆனால் முரளி தோட்ட லயத்திலிருந்து கிளம்பியவர் அல்லர். பிஸ்கட் தொழில் செய்த கண்டிக் குடும்பத்துப் பிள்ளை, புனித அந்தோனியார் கல்லூரி மாணவர். தோட்டத்துப் பையனுக்கு நெருக்கமான கதை உண்மையில் நிஸ்ஸங்கவினுடையது. தகப்பன் மைதான ஊழியர், தாய் களுத்துறையில் பூ விற்றவர். திறமையைக் கண்டு கொழும்பு இசிபத்தன கல்லூரி அவருக்குக் கதவைத் திறந்தது.

பசறையைச் சுற்றிய தோட்டங்களில் அப்படியொரு கதவு எங்கே இருக்கிறது? தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் டெனிஸ் பந்து, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. தேயிலைக்குள் தூக்கியடித்தால் அவுட், பந்தைத் தேடி எடுக்க வேண்டியதும் அடித்தவனே. அதனால் பிள்ளைகள் நிலத்தோடு தட்டி ஆடுவதில் கெட்டிக்காரர்கள். கடினப்பந்துக்கு மாற வேண்டுமென்றால் மட்டை, கால் கவசம், கிளவுஸ், ஹெல்மட், அதற்குமேல் ஒழுங்கான ஆடுகளமும் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது 2024இல்தான். மீதிக் கணக்கை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பசறை அடங்கிய ஊவா மாகாணம் ஒருமுறை சம்பியனானது! 2012இல் நடந்த இலங்கை பிரீமியர் லீக்கின் கிண்ணத்தை வென்ற அணி 'ஊவா நெக்ஸ்ட்'. தொடர் முழுவதும் கொழும்பிலும் பல்லேகலையிலும்தான். பதுளை மண்ணில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அடுத்த ஆண்டு அந்த லீக்கே கைவிடப்பட்டது. 2020இல் லங்கா பிரீமியர் லீக் (எல்பிஎல்) தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகள் வந்தன. ஊவாவுக்கு இடமில்லை.

ஊர்ப் பெயரில் ஓர் அணி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விஜயகாந்த் வியாஸ்காந்த் இருக்கிறார். யாழ். மத்திய கல்லூரிப் பையன். முதல் எல்பிஎல்லிலேயே யாழ்ப்பாண அணியில் இடம், முதல் விக்கெட்டே அஞ்சலோ மெத்தியூஸ். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லில் பந்துவீசினார். எல்பிஎல் காலத்தில் பசறைக் கடைகளில் கட்சிகள் மறுபடி பிரியும்: யாழ்ப்பாணமா, கண்டியா என்று.