பிள்ளைக்கு 18 வயசு ஆகப்போகுதா? பேங்க்குக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ் போங்க!

நிராமயா இன்சூரன்ஸ் பத்தி பேசினாலே கூடவே ஒரு கேள்வி வந்துடுது. "பையனுக்கு ஆட்டிசம். அவன் பேர்ல எஃப்டி போட்டிருக்கோம். 18 வயசு முடிஞ்சதும் அவன் கையெழுத்துதான் வேணும்னு பேங்க்ல சொல்றாங்க. அவனுக்குப் பணம்னா என்னன்னே தெரியாது சார், என்ன பண்றது?"

கோபம் வரத்தான் செய்யும். ஆனா சட்டப்படி, 18 வயது நிறைந்துவிட்டால் அம்மா அப்பா என்ற உரிமையில் கணக்கை இயக்க முடியாது. சட்டபூர்வ பாதுகாவலர், அதாவது லீகல் கார்டியன் சான்றிதழ் வேணும்.

இதுக்கு கோர்ட், வக்கீல்னு அலைய வேண்டியதில்லை. நேஷனல் டிரஸ்ட் சட்டம், 1999-ன் கீழ் கலெக்டர் தலைமையில் உள்ளூர் குழு இருக்கு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குப் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். இந்தக் குழு தர்ற சான்றிதழை பேங்க்குகள் ஏத்துக்கலாம்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. மேனேஜர் தயங்கினா அதை எடுத்துச் சொல்லுங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிக்க ஆரம்பிங்க.

ஒண்ணு, ஆட்டிசம் இருக்கற எல்லாருக்கும் கார்டியன் தேவையில்லை. தானே முடிவெடுக்கத் தெரிஞ்ச பிள்ளையோட உரிமையை நாமளே பிடுங்கக் கூடாது.

சான்றிதழ் வாங்கி பீரோல வெச்சுட்டாலும் வேலை முடியாது. இதை யாருமே சொல்றதில்லை! நியமனமான 6 மாதத்துக்குள், பிள்ளை பேர்ல இருக்கற சொத்து, கடன் பட்டியலை அந்தக் குழுவிடம் கொடுக்கணும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிஞ்சு 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்கணும். வட்டி, பென்ஷன், மருந்துச் செலவு எல்லாத்துக்கும் ஒரு நோட்டு போடுங்க.

நிராமயா எடுத்தவங்க அதையும் மறந்துடாதீங்க. 1 லட்சம் ரூபாய் வரை கவரேஜ், தெரபிக்கும் வரம்புக்குள்ள கிடைக்கும். மார்ச் 31-ஓட முடியும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

அரசாங்கத்துக்கிட்ட என்னோட கோரிக்கை ரொம்பச் சின்னது. யுடிஐடி கார்டுக்கு நாம கொடுத்த பிறந்த தேதியும் போன் நம்பரும் அவங்ககிட்டயே இருக்கு. பதினேழரை வயசுல, "கார்டியன்ஷிப்புக்குத் தயாராகுங்க"ன்னு தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ். இதுக்குப் புதுச் சட்டமா வேணும்?

அது வர்ற வரைக்கும் அந்தத் தேதியை உங்க போன்லயே ரிமைண்டரா போட்டு வைங்க. ஊனச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ரெண்டு பேரோட ஆதாரையும் ஒரே ஃபைல்ல எடுத்து வெச்சிடுங்க.