அசல் பாப் கேசி யார்?

1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாநிலப் பொருளாளர் பதவிக்குத் தேர்தல் வந்தது. அரசுப் பணத்தைக் கட்டிக்காக்கும் பொறுப்பு அது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் ராபர்ட் கேசி என்றொரு பெயர் இருந்தது. மாநிலம் முழுக்க அறிந்த பெயர் அது. நிலக்கரி நகரமான ஸ்க்ரான்டனைச் சேர்ந்த ராபர்ட் பி. கேசி அப்போது எட்டாவது ஆண்டாகக் கணக்குத் தணிக்கைத் தலைவராக இருந்தார். கைசுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். மக்கள் அவரை பாப் கேசி என்றே அழைத்தார்கள். கணக்கைச் சரிபார்த்தவரே கஜானாவையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று பலர் நினைத்திருப்பார்கள். கேசி வென்றார்.

வென்றவர் வேறொரு கேசி.

அவர் பெயர் ராபர்ட் ஈ. கேசி. கேம்ப்ரியா என்ற கவுன்டியில் உள்ளூர்ப் பதவி வகித்தவர். ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்கவில்லை, பெரிதாகச் செலவும் செய்யவில்லை. உட்கட்சித் தேர்தலில் அவரிடம் தோற்றவர் கேத்தரின் பேக்கர் நோல் என்ற பெண்மணி. பின்னாளில் எட்டு ஆண்டுகள் அதே பொருளாளர் நாற்காலியில் அமர்ந்து, துணை கவர்னராகவும் உயர்ந்தவர் அவர். அந்த ஆண்டு மட்டும், கேசி என்ற பெயரின் முன் அவரால் நிற்க முடியவில்லை.

அமெரிக்காவில் கவர்னர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி. ஸ்க்ரான்டன் கேசிக்கு அந்தப் பதவிமீதுதான் கண். 1966இலும் 1970இலும் கட்சி வேட்பாளராகும் போட்டியிலேயே தோற்றிருந்தார். 1978இல் மூன்றாவது முறையாக இறங்கினார். அதே தேர்தலில், துணை கவர்னர் வேட்பாளருக்கான தனிப் பட்டியலில் இன்னொரு ராபர்ட் பி. கேசி நின்றார். இந்த முறை நடு எழுத்தும் அதே 'பி'. பிட்ஸ்பர்க் பக்கத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர், ஐஸ்கிரீம் கடையும் வைத்திருந்தவர். அரசியலில் அவரை யாருக்கும் தெரியாது.

முடிவு வந்தபோது கவர்னர் வேட்பாளராகத் தேர்வானவர் பிட்ஸ்பர்க் மேயராக இருந்த பீட் ஃப்ளாஹர்டி. துணை கவர்னர் வேட்பாளர், ஐஸ்கிரீம் கடைக்கார ஆசிரியர். கவர்னர் பதவிக்கு ஃப்ளாஹர்டி, துணைக்கு நம் பழைய கேசி, இருவரும் நல்ல ஜோடி என்று எண்ணியே பலர் வாக்களித்தார்கள் என்பது அன்றைய அரசியல் நோக்கர்கள் பலர் சொன்ன விளக்கம். அதாவது, ஸ்க்ரான்டன் கேசியை மதித்தவர்களின் வாக்குகளே அவருக்கு எதிராகப் போய்விழுந்தன. பதினைந்து ஆண்டுப் பொதுவாழ்வில் ஒரு மனிதர் சம்பாதித்த நல்ல பெயரை, அதே பெயருள்ள யாரோ ஒருவர் தெரிந்தோ தெரியாமலோ செலவு செய்துவிட முடிகிறது. இதைச் சிறிய விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

அந்த ஜோடி பொதுத்தேர்தலில் தோற்றது. ஸ்க்ரான்டன் கேசி ஒதுங்கி வழக்கறிஞர் தொழிலைப் பார்த்தார். 1986இல் நான்காவது முறையாகக் களத்துக்கு வந்தபோது அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது 'அசல் பாப் கேசி' என்று. சொந்தப் பெயருக்கே முத்திரை குத்திக்கொள்ள வேண்டிய நிலை!

எதிரே நின்றவரின் பெயரும் சாதாரணமானதல்ல. அவர் மூன்றாம் வில்லியம் ஸ்க்ரான்டன். அப்போதைய ஆட்சியின் துணை கவர்னர், 1960களில் கவர்னராக இருந்தவரின் மகன், ஸ்க்ரான்டன் நகரத்துக்கே பெயர் கொடுத்த குடும்பம். அந்த நகரத்தின் கேசியோ, பத்து வயதில் நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போய், பிறகு படித்து வழக்கறிஞரான ஒருவரின் மகன். பரம்பரைப் பெயரும் பாடுபட்டுச் சம்பாதித்த பெயரும் மோதின.

போட்டி கடைசி நாள்வரை இழுபறி. முடிவுக் கட்டத்தில் கேசி தரப்பு ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட்டது. பின்னணியில் சிதார் இசை. திரையில் நீண்ட தலைமுடியோடு இளம் வயது ஸ்க்ரான்டன். அவர் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தில் ஈடுபாடு கொண்டவர் என்பதைச் சுட்டிக்காட்டி, ஊர்ப்புற வாக்காளர்களை மிரள வைக்கும் வேலை அது. தியானம் செய்வது குற்றமா என்ன? தன் பெயருக்கு நேர்ந்த அநியாயத்தைப் பத்து ஆண்டுகள் சுமந்த கேசியின் முகாம், எதிராளியின் பெயர்மீது இப்படிச் சேறு பூசியிருக்க வேண்டாம். சுமார் 79,000 வாக்கு வித்தியாசத்தில் கேசி வென்றார். 1990இல் மீண்டும் பெருவெற்றி. கருக்கலைப்புச் சட்டம் பற்றி 1992இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் எதிர்மனுதாரராக அவர் பெயர் இடம்பெற்றதால், அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பையே 'கேசி' என்று சுருக்கமாகச் சொன்னார்கள். அதே பெயரைத் தாங்கிய அவருடைய மகன் தணிக்கைத் தலைவராகவும் பொருளாளராகவும் இருந்துவிட்டு, 2007 முதல் மூன்று முறை தொடர்ந்து செனட்டராக இருந்தார்.

இப்படியெல்லாம் எப்படி நடக்கிறது? படித்த நாடு, பத்திரிகைகள் நிறைந்த நாடு. காரணம் வாக்குச்சீட்டின் நீளத்தில் இருக்கிறது.

இந்தியாவில் ஒரு தேர்தலில் ஒரு வாக்காளர் பெரும்பாலும் ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறார், பெயருக்குப் பக்கத்தில் சின்னமும் இருக்கும். அமெரிக்க வாக்காளரின் கையில் கொடுக்கப்படும் சீட்டை விரித்துப் பாருங்கள். மேலே ஜனாதிபதி. அதன் கீழே செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாநில சட்டமன்ற உறுப்பினர். பிறகு தணிக்கையாளர், பொருளாளர், அரசுத் தலைமை வழக்கறிஞர், ஷெரிஃப், பள்ளிக்கூட வாரியம். பல மாநிலங்களில் நீதிபதிகளும் உண்டு. மேலே இருக்கும் இரண்டு மூன்று பேரைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். கீழே போகப் போக வெறும் பெயர்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி எனப்படும் முன்தேர்தலில் எல்லாரும் ஒரே கட்சி என்பதால் கட்சி அடையாளமும் உதவாது. அந்த நேரத்தில் எங்கேயோ கேட்ட பெயரின்மீது கை தானாகப் போகிறது.

போதாததற்கு, பெயர்களுக்கும் அங்கே பஞ்சம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் சுமார் 24 லட்சம் பேர், ஜான்சன்கள் சுமார் 19 லட்சம் பேர். ஜானின் மகன் ஜான்சன் என்பது ஆங்கில வழக்கம். ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் கப்பலேறி வந்த யோஹான்சன்களும் அமெரிக்க மண்ணில் ஜான்சன் ஆனார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் ஏற்ற பெயர்களிலும் ஜான்சன் நிறைய. ஆகவே ஒரு ஜான்சனுக்கும் இன்னொரு ஜான்சனுக்கும் உறவு இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. லிங்கன் கொல்லப்பட்ட பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், கறுப்பின மக்களின் உரிமைக்கான 1866ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தடுக்கப் பார்த்தார். கென்னடி கொல்லப்பட்ட பின் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன், அதே மக்களுக்காக 1964ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயர் ஒன்றானாலும் இருவருக்கும் இரத்த உறவு கிடையாது.

நாடாளுமன்றத்துக்குள்ளேயும் இந்தக் குழப்பம் உண்டு. 2003 முதல் 2015 தொடக்கம்வரை பிரதிநிதிகள் சபையில் மைக் ராஜர்ஸ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் குடியரசுக் கட்சி. ஒருவர் மிச்சிகன், மற்றவர் அலபாமா. பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் மாநிலத்தைப் போட்டுத்தான் பிரித்துக் காட்டினார்கள்.

சபைக்குள் அது போதும். வாக்குச்சாவடியில் போதாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஜான் எஃப். கென்னடி என்றால் 1953 முதல் செனட்டராக இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதியானவர். அவருடைய 'எஃப்', ஃபிட்ஸ்ஜெரால்ட். பாஸ்டனில் ஜில்லெட் சவரக்கத்தித் தொழிற்சாலையில் சரக்கறை வேலை பார்த்த இன்னொரு ஜான் எஃப். கென்னடியும் இருந்தார். இவருடைய 'எஃப்', ஃப்ரான்சிஸ். இரு குடும்பங்களுக்கும் தொடர்பு இல்லை. 1954இல் இவர் மாநிலப் பொருளாளர் பதவிக்கு நின்றார், வென்றார். 1956இலும் வென்றார். 1958இல் செனட்டர் கென்னடியும் பொருளாளர் கென்னடியும் ஒரே வாக்குச்சீட்டில் ஒருசேர நின்று ஒருசேர வென்றார்கள். 1960இல் ஒரு கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் வென்ற அதே ஆண்டில், மற்றவர் கவர்னர் வேட்பாளராக முயன்றார். அந்தப் பதவிக்கு வாக்காளர்கள் ஆளைப் பார்த்தார்கள், அவர் தோற்றார். பெயர் எந்தப் படிவரை ஏற்றிவிடும் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

ஜில்லெட் கென்னடி தன் பெயரைத் திருடவில்லை, அது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர். அதைக் கொண்டு அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. பெயர் பற்றிய கேள்வி ஜனாதிபதியின் குடும்பத்தையும் விடவில்லை. 1962இல் அவருடைய தம்பி எட்வர்ட் கென்னடி முதல்முறை செனட் பதவிக்கு நின்றபோது, அவருடைய உட்கட்சிப் போட்டியாளர் எட்வர்ட் மக்கார்மக் மேடையிலேயே கேட்டார்: கென்னடி என்ற பெயர் மட்டும் இல்லாவிட்டால் உங்களை யார் வேட்பாளராக மதிப்பார்கள்? கேட்டவரோ அன்றைய சபாநாயகர் ஜான் மக்கார்மக்கின் சகோதரர் மகன். கேள்வி நியாயமானதுதான், ஆனால் எட்வர்ட் கென்னடியே வென்றார்.

டெக்சாஸ் கதை இன்னும் கசப்பானது. அங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1976 பிரைமரியில் அனுபவமிக்க மேல்முறையீட்டு நீதிபதி சார்ல்ஸ் பாரோ நின்றார். வழக்கறிஞர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். எதிரே டான் யார்ப்ரோ, அதிகம் அறியப்படாத இளம் வழக்கறிஞர். ஆனால் டெக்சாஸ்காரர்களுக்கு யார்பரோ என்றால் நெடுங்காலம் செனட்டராக இருந்த ரால்ஃப் யார்பரோ நினைவுக்கு வருவார். கவர்னர் பதவிக்கு மூன்று முறை முயன்ற டான் யார்பரோ என்றும் ஒருவர் இருந்தார். ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு 'ஓ'தான் வித்தியாசம், உச்சரிப்பில் அதுவும் காணாமல் போய்விடும். பாரோ தோற்றார். யார்ப்ரோ நீதிபதியானார். சில மாதங்களிலேயே அவர்மீது குற்றச்சாட்டுகள் குவிந்தன. சட்டமன்றம் பதவி நீக்கத்துக்குத் தயாரானபோது 1977இல் ராஜினாமா செய்தார். பொய்ச்சாட்சியம் சொன்ன குற்றம் உறுதியானது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதே நாட்டைவிட்டுக் கிரெனடா தீவுக்குப் போய்விட்டார், பின்னர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். காலியான அந்த இடத்தில் கவர்னர் அமர்த்தியவர், மக்கள் தோற்கடித்த அதே சார்ல்ஸ் பாரோ.

இதுவரை சொன்னவை தற்செயலும் அறியாமையும் சேர்ந்த கதைகள். 2020இல் ஃப்ளோரிடாவில் நடந்தது திட்டமிட்ட சதி. மயாமியில் மாநில செனட் 37ஆம் தொகுதியின் உறுப்பினர் ஜனநாயகக் கட்சியின் ஹோசே ஹாவியேர் ரோட்ரிகஸ். அவருக்கு எதிராகக் குடியரசுக் கட்சியின் இலேனா கார்சியா நின்றார். மூன்றாவதாக, எந்தக் கட்சியும் சாராமல் இன்னொரு ரோட்ரிகஸ். இவர் பிரசாரத்துக்கே வரவில்லை, தொகுதியில் குடியிருக்கவும் இல்லை. ஆனாலும் 6,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஹோசே ஹாவியேர் தோற்றது வெறும் 32 வாக்குகளில்.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. முன்னாள் மாநில செனட்டர் ஃப்ராங்க் ஆர்ட்டிலெஸ், பெயருக்காகவே அந்த ரோட்ரிகஸைப் பிடித்து, பணம் கொடுத்து நிறுத்தியிருந்தார். அரசுத் தரப்பு சொன்ன தொகை 44,000 டாலருக்கும் மேல். பணம் வாங்கியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னார். 2024இல் ஜூரி ஆர்ட்டிலெஸைக் குற்றவாளி என்றது. வென்ற கார்சியாமீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. தேர்தல் முடிவும் மாறவில்லை. வாக்காளர்கள் ஏமாற்றப்பட்டது ஏமாற்றப்பட்டதுதான்.

சில மாநிலங்கள் பாடம் கற்றிருக்கின்றன. சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் நீதிபதித் தேர்தலில் ஐரிஷ் பெயர்களுக்கு மவுசு அதிகம். அதற்காகவே பெயரை மாற்றிக்கொண்டு நிற்பவர்களும் வந்துவிட்டதால், அண்மையில் பெயர் மாற்றியவர்களின் பழைய பெயரையும் வாக்குச்சீட்டில் அச்சிட வேண்டும் என்று இலினாய் 2007இல் சட்டம் செய்தது. கலிஃபோர்னியாவில் வேட்பாளரின் பெயருக்குக் கீழே அவருடைய தொழில் இருக்கும். மாசசூசெட்ஸில் தெரு முகவரியும், ஏற்கெனவே அந்தப் பதவியில் இருப்பவரா என்ற குறிப்பும் இருக்கும்.

தொழில், ஊர், இப்போதைய பதவி என்று பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி. அதை அச்சிடுவதற்கு ஆகும் மை மிகச் சொற்பம். 'ஆசிரியர், ஐஸ்கிரீம் கடை உரிமையாளர், பிட்ஸ்பர்க்' என்று 1978இல் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், அவரை விரும்பியவர்கள் அவருக்கே வாக்களித்திருப்பார்கள், ஸ்க்ரான்டன்காரரைத் தேடியவர்கள் சரியான இடத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியை அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் கட்டாயமாக்க வேண்டும்.