டான்ஸ் மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் பாட்டு

பெருநகர மால்களின் விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும், சத்தம் எங்கிருந்து அதிகம் வருகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். தரையிலிருந்து சற்று உயர்ந்த ஒரு மேடை, அதில் அம்புக்குறி போட்ட சதுரங்கள், எதிரே திரை, முதுகுப்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. போடி, தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதை யூடியூபில்தான் முதலில் பார்த்திருப்பார்கள். பாட்டு ஓடும்போது திரையின் அடியிலிருந்து அம்புக்குறிகள் மேலே ஏறிவரும். உச்சியில் நிற்கும் அம்புக்குறியோடு அது பொருந்தும் நொடியில், அதே திசைச் சதுரத்தைக் காலால் மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் பாராட்டு, தவறினால் உயிர்க்கோடு குறையும், அது காலியானால் ஆட்டம் முடிந்தது.

இந்த வகை மெஷின்களை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜப்பானின் கொனாமி நிறுவனம். 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற பெயரில் 1998இல் வெளியிட்டது. விளையாடுகிறவர்களுக்கு அது 'டிடிஆர்'. மறு வருடமே கொரியாவின் அண்டாமிரோ நிறுவனம் ஐந்து சதுரங்களோடு 'பம்ப் இட் அப்' என்ற போட்டி மெஷினை இறக்கியது. டிடிஆருக்கு நான்கு திசை. பம்ப்புக்கு நான்கு மூலையும் நடுவும்.

மேடையில் வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சதுரத்தின் கீழும் அழுத்தம் உணரும் பட்டைகள், ஒளிரும் விளக்குகள், அவ்வளவுதான். ருசியான விஷயம் திரைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் விளையாடுகிறவர் கண்ணில் படாத சரக்கு நிறைய உண்டு. அதை 'ரகசியம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆட்டக்காரருக்காக ஒளித்து வைத்தது வேறு, செய்தவர்கள் விட்டுவிட்டுப் போனது வேறு.

ஒளித்து வைத்ததை முதலில் பார்ப்போம். முதல் டிடிஆர் பதிப்புகளில், பாட்டுக்கு முந்தைய தேர்வுத் திரையில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் சதுரங்களை மிதித்தால் ஆட்டத்தின் விதியே மாறும். அம்புகள் இடம் வலமாகத் திரும்பிவிடும், அல்லது பாதி வழியில் மறைந்துபோகும். இப்படி ஒரு வசதி இருப்பதாகத் திரை மூச்சுவிடாது. தெரிந்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதுதான். பிந்தைய பதிப்புகளில் இன்னும் கொடுமையான ஒன்று வந்தது: அம்புகள் கண்ணுக்கே தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும், கால்களுக்கு எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இந்த ஒளிப்பின் உச்சம் 2001இல் வந்த 'டிடிஆர்மேக்ஸ்'. ஆறாவது பதிப்பு. கடைசிப் பாட்டைக் கடினமான நிலையில் ஆடி 'டபுள் ஏ' தரம் வாங்கினால், காசு போடாமலே கூடுதலாக ஒரு ஆட்டம் திறக்கும். அதில் காத்திருக்கும் பாட்டின் பெயர் 'மேக்ஸ் 300'. நிமிடத்துக்கு 300 தாளம். கணக்குப் போட்டால் நொடிக்கு ஐந்து; தாளத்துக்கு இரண்டு மிதி வரும் இடங்களில் நொடிக்குப் பத்து மிதி. அதோடு விட்டார்களா? அம்புகள் வழக்கத்துக்கு மாறாக மேலிருந்து கீழே இறங்கும். அதையும் நன்றாக ஆடி முடித்தவருக்கு இன்னொரு பாட்டு: 'கேண்டி'. இனிப்பான பெயர், ஆனால் ஒரே ஒரு மிதி தவறினாலும் ஆட்டம் காலி. இதெல்லாம் வெறும் குறும்பு என்று நினைக்க வேண்டாம். கூடத்தில் ஒருவர் அந்த ஆட்டத்தைத் திறந்தால் சுற்றி இருபது பேர் நின்று பார்ப்பார்கள். அந்த இருபது பேரும் அடுத்து காசு போடுவார்கள்.

இனி விட்டுப்போனவை. ஆரம்பகால டிடிஆர் ஓடியது 'சிஸ்டம் 573' என்ற கொனாமிப் பெட்டியில். வீடுகளில் இருந்த சோனி பிளேஸ்டேஷனின் உள்ளுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டது. ஆட்டம் குறுவட்டில் வரும். கூடவே ஒரு பாதுகாப்புக் கேட்ரிட்ஜ். இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்டம் பெட்டியின் நினைவகத்தில் பதிந்து ஓடும். ஆரம்பப் பதிப்புகளில் பாட்டு வட்டின் சாதாரண ஒலித்தடமாகவே இருந்தது.

இப்படி ஒரு வட்டை நிரப்பி அனுப்பும் வேலையை யோசித்துப் பாருங்கள். பாட்டு, படம், அம்பு வரிசை, எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஐம்பது பாட்டு இருக்கும் அட்டவணையில் பதினேழாவது பாட்டுக்கு உரிமம் கிடைக்கவில்லை என்று கடைசி வாரத்தில் தகவல் வருகிறது. அதை உருவி எடுத்தால் பதினெட்டு பதினேழாகிவிடும். பதினெட்டாம் எண்ணை நம்பி எழுதிய மதிப்பெண் பட்டியல், படம், அம்பு வரிசை எல்லாம் ஆட்டம் காணும். மறுபடி முதலிலிருந்து சோதிக்க நேரமும் இல்லை. அதனால் அனுபவசாலி என்ன செய்வார்? பாட்டைத் தொடமாட்டார், பட்டியலில் அது தெரியாதபடி ஒரு இடத்தில் அடைத்துவிட்டு வட்டை அச்சுக்கு அனுப்பிவிடுவார். சோம்பேறித்தனம் மாதிரித் தெரியும், ஆனால் எடுப்பதைவிட விடுவதில்தான் ஆபத்து குறைவு.

குரங்கணியிலிருந்து மலையேறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன், உச்சியில் டாப் ஸ்டேஷன். ரயிலைக் காணோம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் குறுகிய ரயில்பாதை ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் ரயில்பாதை அழிந்தது, திரும்பப் போடவில்லை. ஊர்ப்பெயர் நின்றுவிட்டது, அங்கங்கே கட்டுமானத்தின் மிச்சமும் கிடந்தது. இடித்துச் சுமந்து இறக்க யார் கூலி கொடுப்பது? வட்டுக்குள் கிடக்கும் பதினேழாம் பாட்டும் இந்த வகைதான்: பெயர் அட்டவணையில் நிற்கிறது, போக்குவரத்து இல்லை.

கொனாமியிலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது, டிடிஆர் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 'கிரேடியஸ்' என்ற விண்கப்பல் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் அவருக்கே கடினம். முடிவுவரை போய்ச் சோதிக்க முடியவில்லை. அதனால் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் கைக்கு வரும்படி தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். வெளியீட்டுக்கு முன் அதை நீக்கியிருக்க வேண்டும், தவறிவிட்டது. கண்டுபிடித்தபோது தாமதம், இப்போது நீக்கினால் வேறெங்காவது உடையும் என்று அப்படியே விட்டார்கள். 1986இல் வெளிவந்த அந்த வரிசைதான் பிற்பாடு 'கொனாமி கோட்' என்று உலகப் புகழ் பெற்றது. சோதனைக்காரரின் மிச்சம் ஆட்டக்காரரின் ரகசியமாகிவிட்டது. நான் மேலே பிரித்த இரண்டு வகையும் கலந்துபோகிற இடம் இது.

விட்டுப்போனதை எப்படித் தேடுகிறார்கள்? மெஷினை மிதித்து மிதித்து அல்ல. வட்டையும் நினைவகச் சில்லுகளையும் ஒரு எழுத்து விடாமல் கணினியில் பிரதி எடுக்கிறார்கள். பிறகு உள்ளேயிருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். ஒரு படம் கிடைத்தால், அதை ஆட்டத்தின் எந்தப் பகுதி கூப்பிடுகிறது என்று பின்தொடர்வது அடுத்த வேலை. யாரும் கூப்பிடாத படம் என்றால் கண்கள் விரியும். சந்தேகம் இருந்தால், 1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய 'மேம்' போன்ற மென்பொருளில் பழைய மெஷினையே கணினிக்குள் ஓடவிட்டு, அடைத்த இடத்தை மட்டும் திறந்து பார்க்கலாம். பெரும்பாலும் கிடைப்பது அரைகுறைப் படமும் பிழைச் செய்தியும்தான். புதையல் என்று நினைத்து இறங்குகிறவர்கள் இரண்டே நாளில் ஏறிவிடுவார்கள்.

பொறுமைக்காரர்களுக்குச் சில சமயம் கிடைக்கும். அட்டாரியின் 1977ஆம் வருடத்து மெஷின் 'ஸ்டார்ஷிப் 1'. அதைச் செய்த ரான் மில்னர், பொத்தான்களை ஒரு வரிசையில் இயக்கினால் திரையில் தன் பெயருக்கு வணக்கம் வரும்படி, கூடவே பத்து இலவச ஆட்டமும் கிடைக்கும்படி ஒளித்து வைத்திருந்தார். அது வெளியே தெரிந்தது 2017இல். அதுவரை நாற்பது வருடம் மெஷின்கள் வாயைத் திறக்கவில்லை.

விட்டுப்போவது எப்போதும் பாதுகாப்பும் அல்ல. 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' ஆட்டத்தில் வேண்டாமென்று அடைத்துவைத்த ஆபாசப் பகுதி ஒன்றை 2005இல் வெளியாட்கள் திறந்துவிட்டார்கள். யாரோ சேர்த்தது என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. விற்ற வட்டுகளிலேயே அது கிடந்தது தெரிந்ததும் அமெரிக்காவில் வயதுவந்தோருக்கு மட்டும் என்று முத்திரை மாறியது, கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின.

இன்றைய டான்ஸ் மெஷின்கள் இணையத்தோடு பேசுகின்றன. எந்தப் பாட்டு எப்போது திறக்க வேண்டும் என்பதை எங்கோ இருக்கும் சர்வர் சொல்கிறது. அது நின்றுபோனால், திறக்காத பாட்டு திறக்காமலே போகலாம். பழைய வட்டுகளைப் பிரதியெடுத்து வைப்பவர்கள் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

எங்காவது பழைய டிடிஆர் கண்ணில் பட்டால், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கீழ் அம்பை இரண்டு முறை மிதித்துப் பாருங்கள்: கடினம் ஒரு படி ஏறும். மேல் அம்பை இரண்டு முறை மிதித்தால் இறங்கும். முதல் தடவை ஆடுகிறவர்கள் மேல் அம்பிலேயே இருப்பது முழங்காலுக்கு நல்லது.