ஜாக்கி சக்கரம்

ஜாக்கி சக்கரம் என்பது ஒற்றை அச்சு டிரெய்லர், கேரவன் ஆகியவற்றின் முன்பக்க இழுசட்டத்தில் பொருத்தப்படும் சிறு சக்கரம் ஆகும். இழுக்கும் வாகனத்திலிருந்து கழற்றிய பின் முன்பக்கத்தை இது தாங்குகிறது. கைப்பிடியைச் சுழற்றி உயரத்தை மாற்றலாம். நிறுத்திய மாட்டுவண்டியின் ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுப்பது போன்றதே இது.

தேர்வு

இழுசட்டத்தின் முனையில் இறங்கும் எடையைவிடச் சக்கரத்தின் தாங்குதிறன் கூடுதலாக இருக்க வேண்டும். குழாயின் விட்டம் (பெரும்பாலும் 48 மி.மீ.) பிடிப்பானுடன் பொருந்த வேண்டும். மண்தரைக்கு அகலமான காற்றுச் சக்கரம் ஏற்றது. அது எளிதில் புதையாது. தருமபுரி மாவட்டத்தின் கோபாலபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுசெல்லும் டிராக்டர் டிரெய்லர் போன்ற கனமான வண்டிகளுக்குச் சக்கரமற்ற திருகு ஜாக்கியே பாதுகாப்பானது.

பயன்பாடு

கழற்றும் முன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் கட்டை வைக்க வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்திருந்தால், கொக்கியை விடுவித்தவுடன் இழுசட்டம் மேலே எகிறி ஆளைத் தாக்கக்கூடும். சட்டத்தின் அடியில் கை, கால் வைக்கக் கூடாது. புறப்படும் முன் சக்கரத்தை முழுதும் உயர்த்திப் பிடிப்பானை இறுக்க வேண்டும்.

பராமரிப்பு

திருகுமரையையும் அச்சையும் துடைத்து கிரீஸ் இட வேண்டும். வளைந்த குழாயையும் வெடித்த ரப்பரையும் உடனே மாற்ற வேண்டும்.